குறிப்புரைகள் மூலம் தரவுப் பொருள்களைச் சரிபார்த்தல்

வலைச் செயலி ஒன்றில் பயனர் நிரப்பும் தரவு முறையாக உள்ளதா என்று பார்ப்பதற்கான விதிகளை, அந்தத் தரவைத் தாங்கும் வகுப்பின் மீதே சிறு குறிப்புகளாக எழுதிவைத்து, அவற்றைக் கொண்டே சோதனையை நடத்துவது குறிப்புரைவழிச் சரிபார்ப்பு ஆகும். குறிப்புரை என்பது நிரலாளர்கள் அனோட்டேஷன் என்று வழங்கும் சொல்லுக்கான தமிழ். ஜாவா, சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளில் இம்முறை வழக்கில் உள்ளது. இக்கட்டுரை ஜாவாவில் எழுதப்பட்டு உலாவிக்குள் இயங்கும் செயலிகளை, குறிப்பாகக் கூகுள் வெப் டூல்கிட் என்னும் கருவித்தொகுப்பை, முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. நிரலில் உரோமன் எழுத்தில் எழுதப்படும் பெயர்கள் இங்கே ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன.

குறிப்புரை என்றால் என்ன

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொரு கட்டத்தின் தலைப்புக்கும் கீழே சிறிய எழுத்தில் "நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுக" என்றோ "கட்டாயம் நிரப்புக" என்றோ அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சிறிய எழுத்து மாணவரைப் பற்றிய தகவல் அன்று. தகவல் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றிய தகவல். நிரலில் குறிப்புரையும் அப்படிப்பட்டதே. அது தானாக எந்தச் செயலையும் செய்யாது. அதைப் படித்துச் செயல்படுவதற்கு வேறொரு நிரல் வேண்டும். குறிப்புரையை எழுதியதுமே சோதனை நடந்துவிடும் என்று கருதுவதே புதிதாகக் கற்போர் செய்யும் முதல் தவறு.

ஜாவா மொழியில் குறிப்புரைகள் 2004-இல் வெளியான ஜாவா 5 பதிப்பில் சேர்க்கப்பட்டன. மாணவர் என்ற வகுப்பில் சில புலங்களை எடுத்துக்கொண்டால் அது ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

@நாட்நல் @சைஸ்(மின் = 1, மேக்ஸ் = 40) பெயர்
@நாட்நல் @பாஸ்ட் பிறந்தநாள்
@மின்(0) @மேக்ஸ்(100) மதிப்பெண்

பெயர் இல்லாமல் இருக்கக் கூடாது, அதன் நீளம் 1 முதல் 40 வரை இருக்கலாம். பிறந்தநாள் கடந்துபோன ஒரு நாளாக இருக்க வேண்டும். மதிப்பெண் 0-க்குக் குறையாமலும் 100-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். நிரல் தெரியாத ஒருவருக்கும் இந்த மூன்று வரிகளை வாசித்துக் காட்டி, விதி சரிதானா என்று கேட்க முடியும். இது சிறிய நன்மை அன்று. தேர்வுப் பிரிவில் பல்லாண்டு பணியாற்றிய எழுத்தருக்குத் தெரியும் விதிகள் பல, நிரலாளருக்குத் தெரிவதில்லை.

விதி இரண்டு இடங்களில் இருந்தபோது

வலைச் செயலிக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்று பயனரின் கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள உலாவி. மற்றொன்று தரவைப் பெற்றுச் சேமிக்கும் சர்வர், அதாவது வழங்கி. நெடுங்காலம் வரை உலாவிப் பக்கத்து விதிகள் ஜாவாஸ்கிரிப்டிலும், வழங்கிப் பக்கத்து விதிகள் ஜாவா போன்ற வேறு மொழியிலும் தனித்தனியே எழுதப்பட்டன. பெயரின் உச்ச நீளம் 40-இலிருந்து 60 ஆக உயர்த்தப்பட்டால் இரண்டு இடங்களிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் மாற்றி மற்றொன்றில் மறந்துவிட்டால், உலாவி ஏற்றுக்கொண்ட விண்ணப்பத்தை வழங்கி தள்ளிவிடும். கடைசி நாளன்று இரவு விண்ணப்பிக்கும் மாணவருக்கு "பிழை" என்ற ஒற்றைச் சொல் மட்டுமே திரையில் தெரியும். எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

இந்த இரட்டிப்பைத் தவிர்ப்பதே குறிப்புரைவழிச் சரிபார்ப்பின் முதன்மை நோக்கம். விதி தரவோடு ஒட்டிக்கொண்டு செல்கிறது. வகுப்பு எங்கே போனாலும் விதியும் கூடவே போகும்.

ஜாவா உலகில் இதற்கான பொதுத் தரம் ஜேஎஸ்ஆர் 303 என்னும் பீன் வேலிடேஷன். இம்மானுவேல் பெர்னார்டு தலைமையில் உருவான இத்தரம் 2009 நவம்பரில் இறுதி வடிவம் பெற்றது. ஹைபர்நேட் வேலிடேட்டர் இதன் முன்மாதிரி நிரலாக்கம் ஆகும். 2013-இல் 1.1 பதிப்பும் 2017-இல் 2.0 பதிப்பும் வந்தன. பின்னர் இது ஜகார்த்தா என்ற பெயருக்கு மாறியது; பழைய நூல்களில் உள்ள எடுத்துக்காட்டுகளை இன்று அப்படியே தட்டச்சு செய்தால் இயங்காமல் போவதற்குப் பெரும்பாலும் இந்தப் பெயர் மாற்றமே காரணம்.

உலாவிக்குள் நுழைந்தபோது எழுந்த சிக்கல்

கூகுள் வெப் டூல்கிட் 2006-இல் வெளியிடப்பட்டது. நிரலாளர் ஜாவாவில் எழுதுவார்; கருவி அதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும். இரண்டு முனைகளுக்கும் ஒரே மொழி என்றால் ஒரே மாணவர் வகுப்பை இருபுறமும் பயன்படுத்தலாம், விதிகளும் ஒன்றாகவே இருக்கும் என்று தோன்றும். ஆனால் இடையில் ஒரு தடை இருந்தது.

வழங்கியில் இயங்கும் சரிபார்ப்பி, ரிஃப்ளெக்‌ஷன் என்னும் வசதியைச் சார்ந்தது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வகுப்பைத் திறந்து பார்த்து, அதில் என்னென்ன புலங்கள் உள்ளன, அவற்றின் மீது என்னென்ன குறிப்புரைகள் உள்ளன என்று தெரிந்துகொள்ளும் வசதி அது. கூகுள் வெப் டூல்கிட் உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்டில் இது கிடையாது. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, பயன்படாத பகுதிகளும் குறிப்புரைகளும் மொழிமாற்றத்தின்போதே நீக்கப்பட்டுவிடும். உலாவிக்குள் ஓடும் நிரலுக்குத் தன் புலங்களின் பெயர்கூடத் தெரியாது.

எனவே சோதனையை ஓடும் நேரத்தில் கண்டறிவதற்குப் பதிலாக, மொழிமாற்றும் நேரத்திலேயே எழுதிவிடும் வழி மேற்கொள்ளப்பட்டது. 2011 வாக்கில் இந்தக் கருவித்தொகுப்பில் ஜேஎஸ்ஆர் 303-க்கான ஆதரவு சேர்ந்தது. ஆக்கி எனப்படும் ஒரு துணை நிரல், மொழிமாற்றத்தின்போது மாணவர் வகுப்பைப் படித்து, "பெயர் நல்லாக இருந்தால் மீறல் ஒன்றைச் சேர், நீளம் 40-ஐத் தாண்டினால் மீறல் ஒன்றைச் சேர்" என்பன போன்ற சாதாரணக் கட்டளைகளைத் தானே எழுதித் தருகிறது. அந்தக் கட்டளைகளே உலாவிக்குச் செல்கின்றன. குறிப்புரை உலாவியை அடைவதில்லை. அதன் விளைவு மட்டும் அடைகிறது.

இதற்காக நிரலாளர் ஒரு சிறு முன்னேற்பாடு செய்ய வேண்டும். எந்தெந்த வகுப்புகள் உலாவியில் சோதிக்கப்படும் என்ற பட்டியலை @ஜிடபிள்யூடிவேலிடேஷன் என்ற குறிப்புரையில் கொடுத்து, அதைத் தாங்கிய இடைமுகத்தை ஒரு சரிபார்ப்பித் தொழிற்சாலை வகுப்பின் வழியாக உருவாக்க வேண்டும். அந்தத் தொழிற்சாலையை திட்டத்தின் எக்ஸ்எம்எல் கோப்பிலும் பதிவு செய்ய வேண்டும். பட்டியலில் இல்லாத வகுப்பைச் சோதிக்கச் சொன்னால் நிரல் பிழை எழுப்பும். வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறாத மாணவரைப் போல, வகுப்பு இருந்தும் இல்லாததாகிவிடும்.

மீறல்களும் அவற்றைச் சொல்லும் முறையும்

சரிபார்ப்பி முதல் தவற்றைக் கண்டதும் நின்றுவிடுவதில்லை. பொருளில் உள்ள எல்லாக் குறிப்புரைகளையும் பார்த்து, மீறல்களின் தொகுப்பு ஒன்றைத் திருப்பித் தருகிறது. தொகுப்பு காலியாக இருந்தால் தரவு முறையானது. ஒவ்வொரு மீறலிலும் எந்தப் புலத்தில் தவறு, அங்கே என்ன மதிப்பு இருந்தது, என்ன செய்தி காட்ட வேண்டும் என்பன அடங்கியிருக்கும். புலத்தின் பாதையைக் கொண்டு அந்தந்தக் கட்டத்தின் அருகிலேயே செய்தியைக் காட்டலாம். இந்தத் தொகுப்புக்கு வரிசை கிடையாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மேலிருந்து கீழாகக் காட்ட விரும்பினால் நிரலாளரே வரிசைப்படுத்த வேண்டும்.

செய்திகளைத் தனிக் கோப்பில் மொழிவாரியாக வைக்கலாம். "பெயர் 1 முதல் 40 வரை" என்பதில் உள்ள எண்கள் குறிப்புரையிலிருந்தே நிரப்பப்படும். விதி மாறினால் செய்தியும் தானாக மாறும். தமிழ்ச் செய்திகளை எழுதுவோருக்கு இங்கே ஒரு தொல்லை இருந்தது. 2017-இல் வந்த ஜாவா 9-க்கு முன்புவரை, வழங்கிப் பக்கத்தில் இத்தகைய கோப்புகள் மேற்கு ஐரோப்பிய எழுத்துருவாக்கத்தில் உள்ளதாகவே படிக்கப்பட்டன. தமிழை நேரடியாக எழுதினால் திரையில் குப்பையாகத் தெரியும். ஒவ்வொரு எழுத்தையும் அதன் யுனிகோடு எண்ணாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. கூகுள் வெப் டூல்கிட்டோ தன் கோப்புகளை யூடிஎஃப்-8 முறையில் எதிர்பார்த்தது. ஒரே செய்தியை இரண்டு வடிவங்களில் பேண வேண்டிய நிலை. விதியை ஒருமுறை எழுதலாம் என்ற வாக்குறுதி, செய்தியின் அளவில் தமிழுக்கு நெடுநாள் நிறைவேறாமலே இருந்தது.

இன்மையும் வெறுமையும் சுழியும்

இம்முறையைப் பயன்படுத்துவோர் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் இது.

@நாட்நல் என்பது மதிப்பு என்ற ஒன்று இருக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. பயனர் பெயர்க் கட்டத்தைத் தொடாமல் விட்டுவிட்டால், உலாவியின் உரைப்பெட்டி நல் மதிப்பைத் தருவதில்லை. எழுத்தே இல்லாத ஒரு வெற்றுச் சரத்தைத் தருகிறது. அது நல் அன்று; ஆகவே சோதனையில் தேறிவிடும். இதனால்தான் மேலே பெயருக்குக் குறைந்தபட்ச நீளம் 1 என்று சேர்த்து எழுதப்பட்டது. அதுவும் போதாது. இடைவெளிப் பட்டையை ஒருமுறை தட்டினால் நீளம் 1 ஆகிவிடும். இடைவெளிகளை மட்டும் கொண்ட சரத்தைத் தடுக்கும் @நாட்பிளாங்க் என்ற குறிப்புரை 2017-இன் 2.0 பதிப்பில்தான் பொதுத் தரத்திற்குள் வந்தது. அதற்கு முன்பு ஹைபர்நேட் தனியாக அளித்ததையோ தாமே எழுதியதையோ பயன்படுத்தினர்.

மறுபுறம், @சைஸ், @மின், @மேக்ஸ், @பாஸ்ட் போன்ற கட்டுப்பாடுகள் நல் மதிப்பைக் கண்டால் எதிர்ப்புத் தெரிவிப்பதில்லை. இது குறைபாடு போலத் தோன்றினாலும் நல்ல முடிவு. விருப்பத்தின்பேரில் நிரப்பும் கட்டத்திற்கு "நிரப்பினால் இப்படி இரு" என்று சொல்ல இதுவே வழி.

மதிப்பெண்ணில் இதன் விளைவு கடுமையானது. ஜாவாவில் முழு எண்ணை இரண்டு வகைகளில் வைக்கலாம். இன்ட் என்ற அடிப்படை வகைக்கு நல் மதிப்பே கிடையாது. எதுவும் இடாவிட்டால் அப்புலம் 0 ஆகிவிடும். இன்டிஜர் என்ற பொருள் வகை நல்லாக இருக்கலாம். மதிப்பெண் புலத்தை இன்ட் என்று அறிவித்துவிட்டால், தேர்வுக்கே வராத மாணவர் சுழி வாங்கியவராகப் பதிவாவார். 0 என்பது 0-க்கும் 100-க்கும் இடைப்பட்ட எல்லைக்குள் இருப்பதால் எந்தக் குறிப்புரையும் குறை சொல்லாது. வராதவருக்கும் சுழி எடுத்தவருக்கும் உள்ள வேறுபாடு மதிப்பெண் பட்டியலைத் தயாரித்த எவருக்கும் தெரியும், சரிபார்ப்பிக்குத் தெரியாது. புலத்தின் வகையைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு விதியே. குறிப்புரை அந்தத் தவற்றை ஈடுசெய்யாது.

தமிழ்ப் பெயர்கள் விதிகளைச் சந்திக்கும்போது

@சைஸ் ஒரு சரத்தின் நீளத்தை அளக்கும்போது மனிதர் எண்ணும் எழுத்துகளை எண்ணுவதில்லை. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் சரங்களை யூடிஎஃப்-16 அலகுகளாகக் கொள்கின்றன. நீளம் என்பது அந்த அலகுகளின் எண்ணிக்கை. "தமிழ்" என்ற சொல்லில் த, மி, ழ் என மூன்று எழுத்துகள். அலகுகளோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. "பொன்னி" என்ற பெயரில் எழுத்துகள் மூன்று, அலகுகள் ஆறு. அதே பெயரில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டாவது முறையில் நீளம் ஏழு. ஆங்கிலப் பெயர்களை மனத்தில் கொண்டு வைக்கப்பட்ட உச்ச நீளம், தமிழில் எழுதினால் ஏறத்தாழப் பாதியிலேயே தீர்ந்துபோகலாம். சரத்தை யுனிகோடின் சேர்த்தெழுதிய வடிவத்திற்கு மாற்றிய பின் சோதிப்பதும், நீள வரம்பைத் தாராளமாக வைப்பதும் இதற்குத் தீர்வு.

@பேட்டர்ன் என்னும் வடிவக் கட்டுப்பாட்டில் சிக்கல் இன்னும் கூடுதல். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் இடைவெளியும் மட்டும் வரலாம் என்ற விதி, தமிழில் எழுதிய பெயரை முழுவதுமாக மறுக்கும். முதலெழுத்துக்குப் பின் வரும் புள்ளியையும் மறுக்கும். அதைத் திருத்த முனைவோர் "எந்த மொழியின் எழுத்தும்" என்று பொருள்படும் யுனிகோடு வகையைப் பயன்படுத்துவர். அதிலும் தமிழ் தேறாது. யுனிகோடு கணக்கில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்து வகையைச் சேர்ந்தவை அல்ல. குறி என்ற வேறு வகையைச் சேர்ந்தவை. "கமல" தேறும், "கமலா" தேறாது. குறி வகையையும் சேர்த்து அனுமதித்தால்தான் பெயர் உள்ளே செல்லும்.

இங்கே இரு முனைகளும் வேறுபடவும் செய்யும். கூகுள் வெப் டூல்கிட்டில் ஜாவாவின் வடிவப் பொருத்தத் தொகுப்பு இல்லை. உலாவியின் சொந்த வடிவப் பொருத்தமே பயன்படுகிறது. யுனிகோடு வகைகளைக் குறிக்கும் வசதி ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் 2018-இல்தான் சேர்ந்தது. ஒரே குறிப்புரை, ஒரே பெயர், இரண்டு முடிவுகள். பழைய உலாவிகளையும் கருத்தில் கொண்டால், தமிழுக்கென யுனிகோடு ஒதுக்கிய 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்களை எல்லையாக நேரடியாகக் குறிப்பிடுவது இருபுறமும் ஒரே மாதிரி இயங்கும் வழி.

பெயரின் அமைப்பையே மறுக்கும் விதிகளும் உண்டு. குடும்பப் பெயர் கட்டாயம், அதற்குக் குறைந்தது இரண்டு எழுத்துகள் என்ற கட்டுப்பாடு பல படிவங்களில் உள்ளது. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தை அல்லது தாயின் பெயரின் முதலெழுத்தே உண்டு. படிவம் மறுப்பதால் சிலர் தந்தையின் முழுப்பெயரை எழுதுகின்றனர். சிலர் தம் பெயரையே இருமுறை எழுதுகின்றனர். பின்னர் சான்றிதழில் ஒரு பெயர், பதிவில் வேறு பெயர் என்றாகி, இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அலைய வேண்டியிருக்கிறது. மின் = 2 என்று நிரலாளர் நொடியில் தட்டிய எண் இது. பெயர் விஷயத்தில் விதி எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

உலாவிச் சோதனை எதற்கு, வழங்கிச் சோதனை எதற்கு

உலாவியில் நடக்கும் சோதனை பயனரின் வசதிக்கானது. தவறு உடனே தெரியும். இணைய வேகம் குறைந்த இடத்தில் பக்கம் போய்த் திரும்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாதுகாப்புக்கு அது உதவாது. உலாவியில் உள்ள நிரல் பயனரின் கணினியில் இருக்கிறது. அதை நிறுத்தவும் மாற்றவும் அவரால் முடியும். உலாவியே இல்லாமல் வழங்கிக்கு நேரடியாகத் தரவை அனுப்பவும் முடியும். எனவே வழங்கி அதே விதிகளை மீண்டும் சோதித்தே ஆக வேண்டும். குறிப்புரைகள் இருபுறமும் பொதுவாக இருப்பதால் இதற்குக் கூடுதல் உழைப்பு மிகக் குறைவு. ஆனாலும் அந்தச் சோதனையை அழைக்கும் வரியை யாரேனும் எழுத வேண்டும்.

உலாவியால் சொல்ல முடியாத விடைகளும் உள்ளன. பதிவெண் ஏற்கெனவே வேறொருவருக்கு வழங்கப்பட்டதா என்பது தரவுத்தளத்தைப் பார்த்தால்தான் தெரியும். இதற்காகக் கட்டுப்பாடுகளைக் குழுக்களாகப் பிரிக்கும் வசதி தரத்திலேயே உள்ளது. குழு எதுவும் குறிப்பிடாதவை இயல்புக் குழுவில் சேரும். வழங்கிக்கு மட்டும் உரியவற்றைத் தனிக் குழுவில் வைத்து, உலாவியில் இயல்புக் குழுவையும் வழங்கியில் இரண்டையும் சோதிக்கலாம். நாள் தொடர்பான கட்டுப்பாடுகளிலும் கவனம் தேவை. @பாஸ்ட் உலாவியில் இயங்கும்போது பயனரின் கணினிக் கடிகாரத்தையே நம்புகிறது. கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கிக் கிடக்கும் ஒரு பழைய கணினியில், பிறந்து நடமாடும் குழந்தையின் பிறந்தநாள் எதிர்காலம் என்று தள்ளப்படும்.

ஒரு பொருளுக்குள் மற்றொரு பொருள் இருந்தால், எடுத்துக்காட்டாக மாணவருக்குள் முகவரி, உள்ளே உள்ளதைச் சரிபார்ப்பி தானாகப் பார்க்காது. முகவரிப் புலத்தின் மீது @வேலிட் என்று எழுத வேண்டும். இதை மறந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. அஞ்சல் குறியீட்டில் என்ன எழுதினாலும் படிவம் ஏற்றுக்கொள்ளும்.

பிற மொழிகளில்

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் சூழலில் இதே கருத்து டேட்டா அனோட்டேஷன்ஸ் என்ற பெயரில் 2008-இல் வந்தது. 2009-இல் வெளியான சில்வர்லைட் 3 இதை உலாவிக்குள் கொண்டுவந்தது. சில்வர்லைட்டுக்கான ஆதரவு 2021-இல் முடிந்துவிட்டது. இன்று பிளேசர் என்னும் சட்டகத்தில் சி ஷார்ப் வகுப்பு உலாவிக்குள்ளேயே இயங்குவதால், அதே குறிப்புரைகள் அங்கும் பயன்படுகின்றன. ஏஎஸ்பி டாட்நெட் எம்விசி வேறு வழியில் சென்றது: வகுப்பின் குறிப்புரைகளைப் படித்து, பக்கத்தின் எச்டிஎம்எல் உறுப்புகளில் பண்புகளாக எழுதிவிடும், உலாவியில் உள்ள ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் அந்தப் பண்புகளைப் பார்த்துச் சோதிக்கும்.

டைப்ஸ்கிரிப்டில் டெக்கரேட்டர் என்ற பெயரில் இதற்கு இணையான வசதி உண்டு; கிளாஸ்-வேலிடேட்டர் என்ற நூலகம் அதைப் பயன்படுத்துகிறது. வழங்கியிலிருந்து ஜேசன் வடிவில் வரும் தரவைப் பிரித்தெடுத்தால் கிடைப்பது வெறும் பொருள். மாணவர் வகுப்பைச் சேர்ந்த பொருள் அன்று. வகுப்பின் மீது எழுதிய விதிகள் அதற்குப் பொருந்துவதில்லை. முதலில் அதை வகுப்பின் பொருளாக மாற்றிக்கொண்டு, அதன் பிறகே சரிபார்ப்பியை அழைக்க வேண்டும்.